நாலு அங்குலமா, ஆறு அங்குலமா?

1882 டிசம்பரில் அடையாற்றின் தென்கரையிலிருந்த ஹடில்ஸ்டன் தோட்டத்துக்கு ஓர் அமெரிக்கர் குடிவந்தார். நீண்ட தாடி, பெயருக்கு முன்னால் கர்னல் பட்டம். பிளாவட்ஸ்கி அம்மையாரோடு சேர்ந்து பிரம்மஞான சபையின் தலைமையகத்தை பம்பாயிலிருந்து இங்கே கொண்டுவந்த ஹென்றி ஸ்டீல் ஆல்காட் அவர். அடையாறுக்காரர்களுக்கு அந்த ஆல்காட்டைத் தெரியும். அவர் பார்த்த பழைய வேலையைப் பற்றிய பேச்சு இங்கே குறைவு. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தபோது ராணுவக் கொள்முதல் மோசடிகளைத் துருவி எடுத்த அதிகாரி அவர். 1865-இல் ஜனாதிபதி லிங்கன் கொலையை விசாரித்த மூவர் குழுவிலும் ஒருவர்.

அந்த வழக்கில் இரண்டு துப்பாக்கிகள் வருகின்றன. நாடக அரங்கில் லிங்கனைச் சுட்ட பூத்தின் கையிலிருந்தது டெரிஞ்சர். குழல் இரண்டரை அங்குலத்துக்குள், உள்ளங்கையில் அடங்கும், ஒரே ஒரு குண்டுதான் பிடிக்கும். அதே இரவில் வெளியுறவு அமைச்சர் சீவர்டைக் கொல்லப் போன கூட்டாளி பவல் கொண்டுபோனது ஆறு குண்டு பிடிக்கும் விட்னி ரிவால்வர். குழல் ஏழு அங்குலத்துக்கும் மேல். அது சுடவில்லை. பவல் அதையே தடியாகப் பிடித்து அமைச்சரின் மகன் மண்டையில் அடித்தான், துப்பாக்கி உடைந்தது. நீளமான குழலுக்கு அன்றைக்குக் கிடைத்த வேலை அவ்வளவுதான்.

இரண்டுமே சுவர்களுக்குள் நடந்தவை. வெட்டவெளியில், குதிரை மேலோ காட்டுப் பாதையிலோ போகிறவன் எந்த நீளக் குழல் உள்ள ரிவால்வரை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற கேள்வி தனி. ஆல்காட் வந்து இறங்கிய மதராஸில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வெள்ளைக்காரத் துரைகள். வெகு சில ஜமீன்தார்களும் கேட்டிருப்பார்கள். மற்றவர்களுக்கு அது கேள்வியே அல்ல. ஏன் என்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது, பிறகு வருவோம்.

அன்றைய அடையாறு ஊர் அல்ல, ஊருக்கு வெளியே. எல்பின்ஸ்டன் பாலத்தைத் தாண்டினால் தோட்ட பங்களாக்கள், பனங்காடு, முகத்துவாரத்தின் சேறு. மேற்கே கிண்டியில் கவர்னரின் நாட்டுப்புற மாளிகையைச் சுற்றிய காட்டில் மான்கள் மேய்ந்தன. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பில் மழைக்காலம் முடிந்தால் உள்ளான் வேட்டை. மெட்ராஸ் ஹன்ட் என்ற துரைமார் கூட்டம், இங்கிலாந்தில் குள்ளநரி விரட்டுவதைப் போல, வேட்டை நாய்களை ஏவிவிட்டு இந்த வட்டாரத்து நரிகளைக் குதிரையில் துரத்தியது. உள்ளானுக்கு வேண்டியது சிதறு குண்டு போடும் இரட்டைக்குழல் துப்பாக்கி, மானுக்கு ரைஃபிள், நரியை நாய்களே பார்த்துக்கொள்ளும். ரிவால்வருக்கு இங்கே முதல் வேலை எதுவும் கிடையாது. அது கூடவே வருகிற சாமான்: வழியில் வெறிநாய், காலொடிந்த குதிரை, புதருக்குள் முனகும் அடிபட்ட மிருகம், இல்லாவிட்டால் வெறும் பயம். எப்போதோ ஒரு தடவை தேவைப்படுவதை எப்போதும் சுமக்க வேண்டும். குழல் நீளத்தைப் பற்றிய வாதமெல்லாம் இந்த முரண்பாட்டிலிருந்து வந்ததுதான்.

தொடக்கத்தில் வாதமே இல்லை. குழல் நீளமாகத்தான் இருந்தது, ஏனென்றால் சுமந்தது குதிரை. சாமுவேல் கோல்ட் என்ற அமெரிக்கப் பையன் 1830-இல் கோர்வோ என்ற கப்பலில் கல்கத்தாவுக்குப் பயணம் போனபோது சுழலும் துப்பாக்கிக்கு மரத்தில் மாதிரி செதுக்கினான் என்பது துப்பாக்கி வரலாற்றில் எல்லோரும் சொல்லும் கதை. அவன் பெரியவனாகி 1847-இல் செய்த வாக்கர் ரிவால்வருக்கு ஒன்பது அங்குலக் குழல், எடை இரண்டு கிலோ. மனிதன் இடுப்பில் கட்டினால் கால்சட்டை அவிழ்ந்துவிடும். சேணத்தின் இருபுறமும் தோல் உறையில் தொங்கவிடுவதற்கென்றே செய்தது அது. நான்கு ஆண்டுகள் கழித்து வந்த நேவி மாடல் இடுப்புக்கு இறங்கியது. ஆனாலும் குழல் ஏழரை அங்குலம்.

லண்டனில் 1851-இல் நடந்த மாபெரும் கண்காட்சியில் கோல்ட்டும் ஆங்கிலேயர் ராபர்ட் ஆடம்ஸும் தங்கள் சரக்கை எதிரெதிரே வைத்தார்கள். பிரிட்டிஷ் அதிகாரிகள் அப்போதெல்லாம் ரிவால்வரைத் தங்கள் சொந்தக் காசில்தான் வாங்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு அதிகாரியும் தானே ஒரு நிபுணர். 1857-இல் வட இந்தியாவில் சண்டை வெடித்தபோது இந்த விவாதம் ரத்தத்தோடு நடந்தது. கோல்ட்டின் குழல் நீளம், குறி சுத்தம், குண்டோ சிறியது. ஆடம்ஸின் குண்டு பெரியது, விசையை இழுத்தாலே சுத்தியல் தானாக எழுந்து விழும். பத்தடிக்குள் ஒருவன் வாளோடு பாய்ந்து வரும்போது எது உதவும் என்பதில் அதிகாரிகள் ஆடம்ஸ் பக்கம் சாய்ந்தார்கள். தூரத்துக் குறியைவிடப் பக்கத்து அவசரம் முக்கியம் என்ற எண்ணம் பிரிட்டிஷ் ரிவால்வர்களில் அன்றைக்கே ஊறிவிட்டது. குழல் குட்டையாவதற்கு அது முதல் படி.

குழல் நீளம் உண்மையில் என்ன செய்கிறது? ரிவால்வரில் அதை அளப்பது முனையிலிருந்து சிலிண்டரின் முன்பக்கம் வரை மட்டும். தோட்டா உட்கார்ந்திருக்கும் சிலிண்டர் கணக்கில் வராது. ஆனால் பிஸ்டலில் தோட்டா இருக்கும் அறையும் குழலோடு சேர்த்தி. அதனால் நாலு அங்குல ரிவால்வரும் நாலு அங்குல பிஸ்டலும் ஒரே நீளம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். வெடிமருந்தின் வாயு குண்டைத் தள்ளிக்கொண்டே போகிற பாதை குழல். பாதை நீண்டால் வேகம் கூடும். ஆனால் ரிவால்வரில் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே ஒரு காகிதக்கீற்று இடைவெளி உண்டு. அதன் வழியே கொஞ்சம் வாயு பக்கவாட்டில் சீறிப் போய்விடும். விரலை அங்கே வைத்திருந்தவன் அந்தப் பாடத்தை ஒருமுறைதான் படிப்பான்.

வேகத்தைவிடப் பெரிய லாபம் குறிபார்ப்பதில். முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே 10 செ.மீ. இருந்து, கை நடுக்கத்தில் முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டர் தள்ளி குண்டு 25 செ.மீ. விலகிப் போகும். அந்த இடைவெளி 20 செ.மீ. ஆனால் விலகல் பாதியாகிவிடும், பன்னிரண்டரை. ஐந்து மீட்டரில் இந்த வித்தியாசம் இரண்டரை செ.மீ.தான், யாரும் கவலைப்பட மாட்டார்கள். வெட்டவெளியில் ரிவால்வர் பயன்படும் தருணங்கள் பெரும்பாலும் அந்த ஐந்து மீட்டருக்குள்தான் என்பதால், நீளக் குழலின் லாபம் காகிதத்தில் பெரிதாகவும் புதருக்குள் சிறிதாகவும் இருக்கிறது.

மருந்து மாறியதும் கணக்கு மாறியது. பழைய கருமருந்து நிறைய இடம் பிடிக்கும், கரி நிறையக் கக்கும். 1889-இல் ஏபெல், டியூவர் என்ற இரு விஞ்ஞானிகள் கார்டைட் என்ற புகை குறைந்த மருந்தைக் கண்டுபிடித்தார்கள். கொஞ்சம் போட்டாலே போதும் என்பதால் .455 ரிவால்வர் தோட்டாவின் பித்தளைக் கூடே 1897-இல் குட்டையாக்கப்பட்டது. அந்த மருந்துக்கு இந்தியாவில் ஓர் ஆலை வேண்டும் என்று நீலகிரி மலையில் குன்னூருக்குப் பக்கத்தில் 1903-இல் தொடங்கியதுதான் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயிலில் அருவங்காடு நிலையத்தை இன்றும் தாண்டித்தான் போக வேண்டும்.

கருமருந்துக் காலத்து ரிவால்வரைக் கடற்கரை ஊரில் வைத்துக் காப்பாற்றுவது தனி அவஸ்தை. சுட்டு முடித்ததும் குழலுக்குள் படியும் கரி காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அடையாறு முகத்துவாரத்தின் உப்புக்காற்றும் சேர்ந்தால் மறுநாளே துரு. வெப்லி என்ற ஆங்கிலேயக் கம்பெனியின் ரிவால்வரைக் கொக்கி விடுவித்து முன்பக்கம் மடக்குவார்கள். காலிக் கூடுகள் ஆறும் ஒரேயடியாக எழும்பித் தரையில் கொட்டும். கொதிக்கிற தண்ணீரைக் குழலில் ஊற்றி, துணி சுற்றிய கம்பியால் துடைத்து, ஆறு அறைகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எண்ணெய் தடவி மூட வேண்டும். பெரும்பாலும் இதைச் செய்தவர் துரை அல்ல, அவரது ஆர்டர்லி. துப்பாக்கிக்கு உரிமம் கேட்டால் கிடைக்காத மனிதர் அவர்.

இங்கேதான் அந்தச் சட்டம் வருகிறது. வைஸ்ராய் லிட்டன் காலத்தில் வந்த 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர்கள் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்றது; ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. தென்னிந்தியாவில் குடகு மக்களுக்கு மட்டும் தனி விலக்கு உண்டு. 1887 டிசம்பரில் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் காங்கிரஸ் மாநாடு மதராஸில் கூடியபோது இந்தச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தின் பணிவான நடையையும் மீறி அவமானம் தெரியும். அடையாற்றங்கரையில் நாலு அங்குலமா ஆறு அங்குலமா என்று யோசிக்கும் சுதந்திரம் தோலின் நிறத்தைப் பொறுத்திருந்தது.

துரைகள் வாங்கிய கடைகள் மவுண்ட் ரோட்டில் இருந்தன. கடிகாரத்துக்குப் பேர்போன பி. ஆர் அண்ட் சன்ஸ் துப்பாக்கியும் விற்றது. அந்தப் பெயரும் மதராஸ் என்ற ஊர்ப்பெயரும் பொறித்த வேட்டைத் துப்பாக்கிகள் இப்போதும் வெளிநாட்டு ஏலங்களில் தலைகாட்டுகின்றன. ஓக்ஸ் அண்ட் கோ பெயரும் அப்படியே. செய்தது இங்கிலாந்தில், விற்றவர் பெயர் மதராஸ்.

அந்தக் காலத்தில் ஒருவருக்கு முன்னால் இருந்த தேர்வுகளைப் பார்த்தால், ஒவ்வொரு நீளத்துக்கும் பின்னால் ஓர் உடையும் ஒரு வண்டியும் தெரிகின்றன. ஐரிஷ் போலீசுக்காக 1868-இல் வெப்லி செய்த ரிவால்வருக்கு நாலரை அங்குலம். 1872-இல் வந்த புல்டாக் வகைக்கு வெறும் இரண்டரை. கோட்டுப் பையில் போட்டுக்கொள்ளலாம். அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை 1881-இல் ரயில் நிலையத்தில் சுட்டது இந்த ரகம்தான். 1887-இல் பிரிட்டிஷ் ராணுவம் வெப்லியின் முதல் மார்க் ரிவால்வரை ஏற்றது: .455 அளவு, நாலு அங்குலக் குழல். ஜட்கா வண்டியில் கால் மடக்கி உட்காருகிறவனுக்கு ஆறு அங்குலக் குழல் தொடையில் குத்தும். நடந்தால் முழங்காலில் தட்டும். குதிரையில் ஏறும்போது சேணத்தில் மாட்டும். நாலு அங்குலம் எந்த இடத்திலும் இடிக்காது. முட்டிக்கு இதமாக இருந்ததால்தான் நாலு அங்குலம் நிலைத்தது என்று சொன்னால் நிபுணர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் உண்மை அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

பிறகு ஏன் ஆறு அங்குலம் வந்தது? முதல் உலகப் போர் தொடங்கி, 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மதராஸ் துறைமுகத்தின் மீது குண்டு வீசிவிட்டுப் போனது. மறு ஆண்டு மே மாதம் பிரிட்டிஷ் ராணுவம் வெப்லி ஆறாம் மார்க்கை ஏற்றது, ஆறு அங்குலக் குழலோடு. பதுங்குகுழிப் போரில் அதிகாரிகளுக்கு நீளக் குழல் பிடித்திருந்தது. பிரிட்சார்ட் என்ற அதிகாரி யோசனையில் அதன் முனையில் மாட்ட ஒரு துப்பாக்கிச் சனியன்கூடச் செய்தார்கள். ரிவால்வருக்குக் கத்தி! குதிரையும் ஜட்காவும் இல்லாத இடத்தில், நின்றுகொண்டோ ஊர்ந்துகொண்டோ சண்டை போடுகிறவனுக்கு நீளம் தொந்தரவாக இல்லை. போர் முடிந்ததும் மறுபடி இறக்கம்: 1932-இல் ஏற்ற .38 என்ஃபீல்டுக்கு ஐந்து அங்குலம். பெரிய குண்டின் உதைப்பைத் தாங்கப் பழக நாளாகும், சின்னக் குண்டுக்குச் சீக்கிரம் ஆளைப் பழக்கிவிடலாம் என்பது அதன் நியாயம்.

பெருவேட்டைக்காரர்களிடம் ரிவால்வர் எடுபடவில்லை. வடக்கே யானை மேலிருந்து புலி சுடுகிறவர்கள் அம்பாரி பிஸ்டல் என்று ஒன்று வைத்திருந்தார்கள். பெரிய துளை, இரட்டைக் குழல். அடிபட்ட புலி யானையின் மத்தகத்தில் தாவி ஏறினால் முகத்துக்கு முகம் சுடுவதற்கு. ஆனைமலையிலும் நீலகிரியிலும் வேட்டை பெரும்பாலும் காலால் நடந்தோ பரண் மேலிருந்தோதான். அங்கே உயிரைக் காப்பாற்றியது இரண்டாவது ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த ஷிகாரி. காட்டெருமைக்கு எதிரே எந்த அங்குல ரிவால்வரும் ஒன்றுதான்.

வெட்டவெளியில் நாள் முழுக்க நடந்தவர்கள் என்று பார்த்தால், செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களுக்கு இணை யாரும் இல்லை. நாகமும் கண்ணாடி விரியனும் குடியிருக்கும் வளைகளை அவர்கள் தோண்டியது ஒரு குட்டைக் கடப்பாரையால். வளையின் வாயில் மண் நெகிழ்ந்திருப்பதையும், தடம் உள்ளே போனதா வெளியே வந்ததா என்பதையும் பார்த்துவிட்டு, கடப்பாரையை ஓரத்தில் செருகி நெம்பி, வாலைப் பிடித்து இழுத்து, துணிப்பையில் போட்டு முடிந்துவிடுவார்கள். ரோமுலஸ் விட்டேக்கர் கிண்டியில் பாம்புப் பண்ணையை அமைத்தபோது அவருக்கு ஆசானாகவும் கூட்டாளியாகவும் இருந்தவர்கள் அவர்கள். 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் உருவாகி, வடநெம்மேலியில் விஷம் எடுக்கும் வேலை தொடங்கியது. அடையாறு பங்களாவில் பாம்புக்குப் பயந்து ரிவால்வரில் தோட்டா போட்டு வைத்த துரை இந்தக் கடப்பாரையின் நீளத்தை அளந்திருந்தால் பயன்பட்டிருக்கும்.

சுவர்களுக்குள் நடக்கும் சுடுதலில் நீளம் பொருட்டே இல்லை என்பதற்கு அடையாற்றங்கரையிலேயே ஒரு சான்று உண்டு. 1967 ஜனவரி 12 மாலை ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார், ராதாவும் குண்டு பாய்ந்து காயமடைந்தார். ஒரே அறை, பேச்சுக் கேட்கும் தூரம். இருவரும் பிழைத்தார்கள். கழுத்தில் கட்டுப்போட்ட எம்.ஜி.ஆரின் படம் அந்த ஆண்டுத் தேர்தலில் சுவரெங்கும் ஒட்டப்பட்டது. அவர் குரல் அதற்குப் பிறகு பழைய குரலாக இல்லை.

சுதந்திர இந்தியா 1959-இல் புது ஆயுதச் சட்டம் கொண்டுவந்தது. நிறபேதம் போயிற்று, கட்டுப்பாடு போகவில்லை. ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் .455, .38 அளவுகள் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டன. துரைகளின் பிரியமான வெப்லி இப்படி ஒரே வீச்சில் சாதாரண உரிமக்காரரின் கைக்கு எட்டாமல் போயிற்று. அந்த இடத்தில் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் வந்தது. உருவம் அப்படியே வெப்லி நான்காம் மார்க்கின் வாரிசு, முன்பக்கம் மடங்கும். குழல் சுமார் மூன்று அங்குலம். 2014-இல் கான்பூரில் பெண்களுக்காக என்று விளம்பரப்படுத்தி வெளியிட்ட நிர்பீக் இன்னும் லேசானது, அரைக் கிலோ. கைப்பையில் வைக்கத்தான் அது. வெளியானபோது விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல் இருந்ததால் எத்தனை கைப்பைகள் அதைத் தாங்கின என்பது வேறு விஷயம். வாக்கர் ரிவால்வரின் ஒன்பது அங்குலத்திலிருந்து இவ்வளவு தூரம் இறங்கி வந்ததற்குக் காரணம் விஞ்ஞானம் அல்ல: சேணம் போய் பெல்ட் வந்தது, பெல்ட் போய் பை வந்தது.

ரிவால்வரோடு திரிந்த வெட்டவெளியும் மூடப்பட்டுவிட்டது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது என்கிறது; தேசியப் பூங்காவுக்கும் அதே விதிதான். கவர்னர்களின் வேட்டைக்காடான கிண்டி 1978-இல் தேசியப் பூங்காவானது. இரண்டே முக்கால் சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, நகரத்தின் நடுவில். நரி இன்னமும் உள்ளே இருக்கிறது, துரத்த ஆள் இல்லை. சென்னையில் கைத்துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்கள் போலீஸ் கமிஷனரிடம் அதை வாங்கியவர்கள். தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு வருவார்கள்.

குழல் நீளத்தைப் பற்றி இந்த ஊரில் இன்றைக்கும் மும்முரமாகப் பேசுகிறவர்கள் போட்டிச் சுடுநர்கள். நடிகர் அஜித் பயிற்சி எடுத்துப் பதக்கம் வாங்கியதிலிருந்து சென்னை ரைஃபிள் கிளப்பின் பெயர் சினிமா ரசிகர்களுக்கும் தெரியும். சர்வதேச விதிப்படி 25 மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டியில் குழல் 153 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, இரு குறிகளுக்கும் இடையே 220 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. 153 மில்லிமீட்டர் என்றால் ஆறு அங்குலமும் ஒரு மயிரிழையும். வெப்லி ஆறாம் மார்க்கின் நீளம். இங்கே ஜட்கா இல்லை, உறை இல்லை, தூக்கிச் சுமக்கிற தூரம் காரிலிருந்து மேசை வரைதான். அதனால் எல்லோரும் விதி அனுமதிக்கிற கடைசி மில்லிமீட்டர் வரை நீளம் கேட்கிறார்கள். போட்டி தொடங்கும் முன் கருவிச் சோதனையில் நடுவர் அளவுகோல் வைத்துப் பார்ப்பார். கூடுதலாக இருந்தால் அந்தத் துப்பாக்கியோடு சுடுகோட்டுக்குப் போக முடியாது.